ரத்தம் வடிக்கும் பழைய கருவிகள்: இனம் காண, வயது கணிக்க, பாதுகாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைப் பெட்டி. எட்டு மூலை, மேலே ஒரு திருகு, தலையில் ஒரு சின்ன நெம்புகோல், அடிப்பக்கம் வரிசையாக மெல்லிய பிளவுகள். லண்டனில் வேலை பார்த்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுகளோடு கலந்து கிடந்த அதை, கடிகாரத்தின் ஏதோ ஒரு பாகம் என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். நெம்புகோலை இழுத்தேன், 'கிளிக்' என்று எங்கோ மாட்டி நின்றது. பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கியதும் அடியிலிருந்து 12 கத்திகள் வெளியே வந்து அரைவட்டம் சுற்றி, நான் கண்ணை இமைப்பதற்குள் மறுபடி உள்ளே போய்விட்டன. என் மறு கை அந்தப் பெட்டியின் அடியில் இல்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

அதன் பெயர் ஸ்கேரிஃபிகேட்டர். நோயாளியின் முதுகிலோ கழுத்திலோ வைத்து அமுக்கி, தோலைக் கீறி, ரத்தம் வடிப்பதற்காகச் செய்தது. அன்றிலிருந்து இந்த வகைக் கருவிகளைத் தேடிப் படிக்கிறேன், அருங்காட்சியகங்களில் நின்று பார்க்கிறேன், கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் வாங்குகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று கைக்கு வந்திருந்தால், அல்லது ஏலத்தில் ஒன்றைப் பார்த்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். நான் செய்த தவறுகளும் இதில் வரும், அவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்.

முதல் படி: எதையும் இயக்காதீர்கள்

இருநூறு வருடப் பழைய கத்தி மழுங்கியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். நல்ல எஃகில் செய்து, உறைக்குள்ளேயே கிடந்த லான்செட் என்ற சின்னக் கத்தி இன்றும் தோலைக் கிழிக்கும். மருத்துவக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறை வெட்டுக்காயத்தைத் தடுக்காது, அது உங்கள் வியர்வை உலோகத்தில் படாமல் இருக்க மட்டும்தான் உதவும். எனவே கையுறையும் போட்டுக்கொண்டு, கத்தி எந்தப் பக்கம் திறக்கும் என்று முதலில் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகு தொடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் போட்டுக்கொண்டு வந்து இந்த வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்பிரிங் உள்ள கருவி என்றால் அதை இழுத்து மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. பழைய ஸ்பிரிங் ஒரு தடவை ஒடிந்தால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்காது. வாங்கும்போதே மாட்டிய நிலையில் இருந்தால் அப்படியே விட்டு வைக்கவும் கூடாது. மேல் திருகைச் சுற்றிக் கத்திகளை முடிந்தவரை உள்ளே இழுத்துவிட்டு, பிளவுகள் உள்ள பக்கம் யாருக்கும் எதிரே இல்லாதபடி பிடித்து, நெம்புகோலைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டே பொத்தானை அமுக்கி மெதுவாக விடுங்கள். நெம்புகோல் இறுகிப்போயிருந்தால் பலவந்தம் வேண்டாம், பழைய கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளே இருக்கும் அமைப்பு அவருக்குப் பழக்கமானதாகவே இருக்கும்.

இரண்டாவது படி: எவ்வளவு பழசு என்று கேட்காமல், உடலின் எந்த இடத்துக்கு என்று கேளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வயதைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது, கருவியின் வடிவம் எந்த வேலைக்கு என்று புரிந்துவிட்டால் வயது, மதிப்பு, போலியா அசலா என்பதெல்லாம் பின்னாலேயே வரும். வேலை புரியாமல் வயதைத் தேடினால் கடைக்காரர் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐரோப்பிய மருத்துவத்தில் ரத்தம் வடிப்பது இரண்டு வகை. ஒன்று, ஒரு சிரையைத் திறந்து உடல் முழுவதுக்குமாக ரத்தத்தைக் குறைப்பது. இரண்டாவது, வலியோ வீக்கமோ உள்ள இடத்துக்கு மேலே தோலைக் கீறி உறிஞ்சி எடுப்பது, அல்லது ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியை விடுவது. லான்செட், ஃப்ளீம் என்ற கத்திகளும், ரத்தம் பிடிக்கும் கிண்ணமும் முதல் வகை. ஸ்கேரிஃபிகேட்டர், கண்ணாடிக் குவளை, அட்டை ஜாடி இரண்டாவது வகை. இந்தக் கோட்டை மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதற்குப் பின்னால் இருந்த எண்ணம் என்னவென்றால், உடலில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்மங்கள் உண்டு, அவற்றில் ஒன்று மிகுந்தால் நோய், மிகுந்ததை வெளியேற்றினால் சுகம். 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கேலன் இதை உறுதியாகச் சொன்னார், அவர் சொல் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஐரோப்பாவில் செல்லுபடியாயிற்று. நம் சித்த மருத்துவத்திலும் புற மருந்து 32 என்று சொல்லும் பட்டியலில் கீறல், அட்டை விடல், கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல் எல்லாம் இருக்கின்றன. சுஸ்ருதர் மாட்டுக்கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை மூன்றையும் சொல்கிறார், அட்டையில் 12 வகை, அதில் 6 நஞ்சுள்ளவை என்று பிரித்தும் வைக்கிறார். ஆகவே இதை வெள்ளைக்காரர்களின் விநோதப் பழக்கம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆனால் சந்தையில், ஏலத்தில், கண்ணாடிப் பேழைகளில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய, அமெரிக்கக் கருவிகள். அதனால் இங்கே அவற்றையே சொல்கிறேன்.

மூன்றாவது படி: இனம் காண்பது

லான்செட்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் மிக எளிமையாகத் தெரியும் இந்தக் கருவியில்தான் நுணுக்கம் அதிகம். இரண்டு பக்கமும் கூரான சின்ன எஃகுத் தகடு, அதை இரண்டு பக்கமும் மூடிக் காக்கும் மெல்லிய சிறகு மாதிரியான உறை. உறை கொம்பு, ஆமை ஓடு, தந்தம், முத்துச்சிப்பி எதில் வேண்டுமானாலும் இருக்கும். ஒரு முனையில் ஆணி, அதைச் சுற்றி மூன்றும் விசிறி போல விரியும்.

பயன்படுத்திய விதத்தைத் தெரிந்துகொண்டால் ஏன் இப்படி என்று புரியும். நோயாளியை உட்காரவைத்து முழங்கைக்குச் சற்று மேலே நாடாவால் கட்டுவார்கள், கையில் ஒரு கோலைக் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொல்வார்கள், சிரை புடைத்து எழும். முடிதிருத்துவோர் கடை வாசலில் வைக்கும் வெள்ளை சிவப்புக் கம்பம் இந்தக் கோலிலிருந்தும் கட்டுத்துணியிலிருந்தும் வந்தது என்றுதான் சொல்கிறார்கள். லண்டனில் முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கமாக இருந்தவர்கள். சரி, சிரை எழுந்ததும் மருத்துவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, நுனி மட்டும் வெளியே தெரியும்படி லான்செட்டைப் பிடித்து, குத்தி, உடனே மேல்நோக்கித் தூக்கி எடுப்பார். எவ்வளவு ஆழம் போகும் என்பதை அவர் விரல்தான் தீர்மானிக்கும். முழங்கை மடிப்பில் சிரைக்குக் கீழேயே தமனி ஓடுகிறது, கொஞ்சம் ஆழம் கூடினால் அது வெட்டுப்பட்டு ஆபத்தாகிவிடும். அதனால்தான் கனமான கைப்பிடி எதுவும் இல்லாமல், விரலின் நீட்சி போல இதைச் செய்தார்கள்.

நுனியின் வடிவத்தைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அகலமான நுனி வாற்கோதுமை மணி, அது மேலாகத் தெரியும் தடித்த சிரைக்கு. கொஞ்சம் நீண்டது ஓட்ஸ் மணி. மிகக் கூர்மையாக ஒடுங்கியது பாம்பு நாக்கு, ஆழத்தில் இருக்கும் சிரைக்கு. ஒரு பெட்டியில் நான்கு, ஆறு லான்செட்டுகள் இருந்தால் எல்லாம் ஒன்றுதானே என்று எண்ணிவிடாமல், ஒவ்வொன்றாக விரித்து நுனிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வடிவமாக இருந்தால் ஒன்று மழுங்கினால் அடுத்தது என்று வைத்திருந்தவர், வேறுவேறாக இருந்தால் சிரை பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை நிறைய. அம்மை குத்தப் பயன்பட்ட லான்செட், கட்டியைக் கீற வைத்திருந்த பெரிய லான்செட், பல் முளைக்கும் குழந்தைகளின் ஈறைக் கீறிவிட்ட சின்ன வளைந்த கத்தி, எல்லாவற்றையும் 'ரத்தம் வடிக்கும் கத்தி' என்று விற்கிறார்கள். ஈறு கத்தியின் அலகு உருண்டையாகவோ கைப்பிடிக்குக் குறுக்காகவோ இருக்கும், சிரைக்கு அது உதவாது. லண்டனில் தாமஸ் வாக்லி 1823இல் ஒரு மருத்துவ இதழ் தொடங்கியபோது அதற்கு 'தி லான்செட்' என்று பெயர் வைத்தார் என்பதிலிருந்தே இந்தச் சின்னத் தகடு மருத்துவர் வாழ்க்கையில் எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்று தெரியும்.

ஸ்பிரிங் லான்செட்

பித்தளையில் ஒரு சின்னப் பெட்டி, மேலே வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிரிங் வால், பக்கத்தில் ஒரு விசை, நுனியில் ஒற்றைக் கத்தி. 18ஆம் நூற்றாண்டில் பரவியது, ஜெர்மன் பேசும் நாடுகளிலும் அமெரிக்காவிலும் அதிகம். கை நடுங்கினாலும் பரவாயில்லை, விசையைத் தட்டினால் போதும் என்பது இதன் வசதி. ஆழத்தை விரல் உணராது என்பதுதான் இதன் குறை, தேர்ந்த கைகள் சாதா லான்செட்டையே விரும்பியதற்கும் அதுதான் காரணம். பல நேரம் அச்செடுத்தாற்போல அதற்கென்றே குடைந்த சின்ன மரப்பெட்டியோடு கிடைக்கும், பெட்டி இருந்தால் விடாதீர்கள்.

ஃப்ளீம்

பேனாக்கத்தி போல மடிந்து பித்தளை அல்லது கொம்பு உறைக்குள் போகும் இரண்டு மூன்று நீண்ட தகடுகள், ஒவ்வொரு தகட்டின் முனையிலும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்ன முக்கோணக் கத்தி. இடைக்காலத்தில் மனிதர்களுக்கும் இந்த வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். ஆனால் உங்கள் கையில் உள்ளது உறையோடு கூடிய, கனமான, 18 அல்லது 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஃப்ளீம் என்றால் அது அநேகமாகக் குதிரைக்கும் மாட்டுக்கும்தான். விற்பவர்கள் இதை மறைத்து 'அறுவை மருத்துவர் கருவி' என்று விலை ஏற்றுவார்கள்.

குதிரையின் கழுத்தில் கயிறு கட்டி, சிரை எழுந்ததும், ஃப்ளீமின் கத்தி முனையை அதன் மேல் வைத்து, ஈயம் அடைத்துக் கனமாக்கிய ஒரு கட்டையால் பின்பக்கம் ஒரே தட்டு. வேண்டிய அளவு வடிந்ததும் வெட்டின் இரு ஓரங்களையும் சேர்த்து ஒரு குண்டூசி குத்தி, அதைச் சுற்றி நார் அல்லது குதிரை மயிரால் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டையும் ஒரு சேகரப் பொருள்தான், ஒரு சாணோ அதற்குச் சற்றுக் கூடுதலோ நீளம், ஒரு முனை தடித்திருக்கும். என்ன என்று தெரியாமல் மாவு உருட்டும் கட்டை என்று சொல்லி விற்றதை நானே பார்த்திருக்கிறேன். ஃப்ளீம் தகட்டின் பின்பக்கத்தில் கட்டை பட்ட தழும்புகள் இருந்தால் அது உண்மையாகவே வேலை செய்த கருவி.

ஸ்கேரிஃபிகேட்டரும் கண்ணாடிக் குவளையும்

இரண்டும் ஜோடி, பிரித்துப் பார்க்கக் கூடாது. முதலில் குவளைக்குள் சாராய விளக்கின் சுடரைக் காட்டி எடுத்துவிட்டு, உடனே தோலில் கவிழ்ப்பார்கள். உள்ளே காற்று குளிர்ந்து சுருங்க, தோல் உப்பி எழும். குவளையை எடுத்து, அந்த உப்பிய இடத்தில் ஸ்கேரிஃபிகேட்டரை வைத்துத் தட்டி, மறுபடி அதே குவளையைக் கவிழ்த்தால் ரத்தம் உள்ளே வடியும். கீறாமல் குவளை மட்டும் வைத்தால் உலர் முறை. பொம்பேயி இடிபாடுகளில் வெண்கலக் குவளைகள் கிடைத்திருக்கின்றன, அவ்வளவு பழைய வேலை இது. லண்டனில் இதை மட்டுமே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் மேப்பில்சன் 1813இல் இதற்கென்றே ஒரு கையேடு எழுதி வெளியிட்டார்.

பார்க்க வேண்டியவை: சதுரமான பெட்டி பெரும்பாலும் ஜெர்மன் பாணி, எட்டு மூலை பிரிட்டிஷ், அமெரிக்க 19ஆம் நூற்றாண்டுப் பாணி, உருண்டையானது பிரெஞ்சுப் பாணி. 10, 12, 16 கத்திகள் சாதாரணமாகக் கிடைக்கும். நெற்றிப்பொட்டு போன்ற சின்ன இடங்களுக்கு 4 அல்லது 6 கத்தியோடு சிறிய பெட்டி. மேல் திருகு கத்தியின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும், உடம்புக்குக் கால் அங்குலம் வழக்கம், தலைத்தோலுக்கு அதைவிடக் குறைவாக வைப்பார்கள். கத்தி ஒவ்வொன்றும் இருக்கிறதா, துரு பிடித்து ஒட்டியிருக்கிறதா என்று பிளவு வழியே சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். திறந்து பார்க்க வேண்டியதில்லை.

குவளையில் விளிம்பு முக்கியம். தோலை வெட்டாமல் இருக்க விளிம்பைத் தடிப்பாக, உருட்டினாற்போலச் செய்திருப்பார்கள். கையால் ஊதிய கண்ணாடி என்றால் அடியில் இரும்புக் கோலிலிருந்து உடைத்தெடுத்த தழும்போ, அதைத் தேய்த்து மழுக்கிய குழியோ தெரியும். தலையில் பித்தளைக் குழாய் அடைப்பு இருந்தால் நெருப்பு வேண்டாம், பம்பால் காற்றை இழுக்கும் வகை. பக்கத்தில் உருண்டையான பை போல உப்பியிருக்கும் கண்ணாடி தாய்ப்பால் எடுப்பதற்கானது. முழுப்பெட்டிகளில் அதுவும் சேர்ந்தே வந்ததால் இரண்டையும் மாற்றிச் சொல்லி விற்கிறார்கள்.

முழுப்பெட்டி வாங்கும்போது வெல்வெட் குழிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு பொருளும் தன் குழியில் அசையாமல் உட்கார வேண்டும், வெல்வெட்டில் அதன் அழுத்தத் தடம் இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் பல இடத்திலிருந்து சேர்த்து ஒப்பேற்றிய பெட்டி.

கிண்ணம்

இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது. கழுத்துக்கு வெட்டு விட்ட அகலமான தட்டு சவரத்துக்கு, ரத்தத்துக்கு அல்ல. ஒற்றைக் கைப்பிடியுள்ள வெள்ளிக் கிண்ணத்தை இங்கிலாந்தில் ரத்தக் கிண்ணம் என்றும் அமெரிக்காவில் கஞ்சிக் கிண்ணம் என்றும் சொல்வார்கள், பொருள் ஒன்றே. நம்பத்தக்க அடையாளம் ஒன்றுதான்: வெள்ளீயக் கலவையில் செய்த கிண்ணத்தின் உட்புறம் அவுன்ஸ் அளவைக் காட்டும் வளையங்கள் பொறித்திருப்பது. ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 மில்லி. அந்த வளையங்களில் எத்தனையாவது வரை ரத்தம் ஏறியது என்று எண்ணிப்பார்த்தால் மனம் கனத்துப்போகும்.

1799 டிசம்பர் 14 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை அடைப்போடு மவுண்ட் வெர்னனில் படுத்திருந்தபோது ஒரே நாளில் நான்கு முறை அவருக்கு ரத்தம் எடுத்தார்கள். முதல் தடவை, மருத்துவர் வருவதற்கு முன்பே, அவரே கேட்டுக்கொண்டதன் பேரில் பண்ணைக் கண்காணிப்பாளர் எடுத்தது. மொத்தம் 80 அவுன்ஸ் அளவுக்கு என்று கணக்கிடுகிறார்கள், அதாவது இரண்டு லிட்டருக்கும் மேல். அன்று இரவே இறந்துபோனார். அவர் நோய் கடுமையானது, ரத்தம் எடுத்ததுதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூச்சுக்குத் திணறும் 67 வயதுக்காரரிடமிருந்து அவ்வளவையும் எடுத்தவர்கள் அவரை உயிராக நேசித்தவர்கள் என்பதை மறக்காமல்தான் இந்தக் கிண்ணங்களைப் பார்க்க வேண்டும்.

அட்டை சம்பந்தப்பட்டவை

'லீச்சஸ்' என்று தங்க எழுத்தில் எழுதி, மூடியில் துளை போட்ட அழகான பீங்கான் ஜாடி. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில மருந்துக்கடைகளில் உண்மையாகவே இருந்தவைதான், ஆனால் இன்று சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அலங்காரத்துக்காகப் பின்னாளில் செய்தவை. நானே இணையத்தில் ஒன்று வாங்கி ஏமாந்தேன். மேற்பூச்சில் விரிசல் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது, அடிப்பாகத்தில் நூறு வருடம் அலமாரியில் இழுபட்ட தேய்மானம் துளியும் இல்லை, தங்க எழுத்து நேற்று எழுதினாற்போல இருந்தது. இந்த மூன்றையும் படத்திலேயே பார்த்திருக்கலாம். உண்மையில் பல கடைகள் சாதாரணக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, வாயில் துணி கட்டித்தான் அட்டை வளர்த்தன.

தேவை எவ்வளவு இருந்தது தெரியுமா? பாரிஸில் அட்டை விடுவதை வலியுறுத்திய புரூசே என்ற மருத்துவரின் கருத்துகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1833இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது. குளங்கள் வறண்டன, விலை ஏறியது. அதனால்தான் 1840இல் ஹெர்த்தலூ என்பவர் செயற்கை அட்டை செய்தார். ஒரு சின்ன வட்டக்கத்தி தோலில் சுழன்று கீறும், ஒரு கண்ணாடிக் குழாய் உறிஞ்சும். கண்ணுக்கு என்று குறிப்பாகப் பயன்பட்டது, பெட்டியோடு கிடைத்தால் அரிய பொருள்.

இன்னொன்று, கருங்காலி மரக் குழாயில் ஒரு முனையில் கொத்தாக ஊசிகள், மறுமுனையில் இழுத்து விடும் பிடி. ஜெர்மனியில் கார்ல் பவுன்ஷைட் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கிய 'லெபன்ஸ்வெக்கர்', அதாவது உயிரை எழுப்புவது. கொசு கடித்த பிறகு கைவலி குறைந்ததைக் கவனித்து இந்த யோசனை வந்தது என்று அவரே சொன்னார். இதை எல்லோரும் ரத்தக் கருவிகளோடு சேர்த்து விற்கிறார்கள். ஆனால் இது ரத்தம் எடுக்க அல்ல, தோலில் குத்தி எண்ணெய் தடவிக் கொப்புளம் எழுப்ப.

நான்காவது படி: வயது

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் செய்தவர் பெயர். லண்டனில் வைஸ் 1787இல் தொடங்கிய நிறுவனம், பாரிஸில் ஷாரியேர் 1820இல், நியூயார்க்கில் டீமன் 1826இல். ஷாரியேர் நிறுவனம் பின்னாளில் ரோபேர், கொலேன் கைக்குப் போனது, ஆகவே கொலேன் என்று மட்டும் முத்திரை இருந்தால் பிந்தையது. பெயரோடு தெரு முகவரியும் இருந்தால் அதிர்ஷ்டம், பழைய வணிகக் கையேடுகளில் தேடி அந்த முகவரியில் அவர்கள் எப்போது இருந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

வெள்ளி உறை என்றால் ஆங்கில வெள்ளி முத்திரையைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். நங்கூரம் என்றால் பர்மிங்காம், அங்கே முத்திரையிடும் அலுவலகம் 1773இல்தான் வந்தது. கூடவே இருக்கும் எழுத்து ஆண்டைச் சொல்லும்.

'ஜெர்மனி' என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அநேகமாக 1891க்குப் பிறகு, ஏனென்றால் அப்போதுதான் அமெரிக்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. நிக்கல் பூச்சு இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கொதிநீரில் போட முடியாத கொம்பு, தந்தம், மரம் எல்லாம் கிருமி பற்றிய அறிவு வந்த பிறகு மறைந்து, நூற்றாண்டின் கடைசியில் முழுக்க உலோகமாகிவிட்டன. கூட்டல் குறி போட்ட திருகாணி ஒன்று இருந்தாலும் உஷார், அது 1930களில்தான் வந்தது. ஒன்று, பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது மொத்தமும் புதுசு.

ஐந்தாவது படி: வாங்குவதற்கு முன் சட்டம்

ஆமை ஓட்டு உறைக்கும் தந்தத்துக்கும் அழகு அதிகம், ஆனால் இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு ஏலத்தில் அவற்றை வாங்கி அஞ்சலில் வரவழைக்க நினைக்கவே வேண்டாம். கடலாமை ஓடும் யானைத் தந்தமும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும், நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்திலும் தடைப்பட்டவை. ஓடா கொம்பா என்று சந்தேகம் இருந்தால் ஓடு என்றே வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள். அதேபோல இந்தியாவுக்குள் கிடைத்த நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை அனுமதியில்லாமல் வெளியே அனுப்புவதும் குற்றம்.

ஆறாவது படி: துடைப்பது, அதாவது துடைக்காமல் இருப்பது

பித்தளை என்றதும் நம் கை புளியைத் தேடும். என் முதல் ஸ்கேரிஃபிகேட்டரைக் கொண்டுவந்த வாரமே அதைத்தான் செய்தேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளக்க வைத்தேன். இருநூறு வருடமாகப் பித்தளை மேல் படிந்த பழுப்பு நிறம், விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் எது, படாத இடம் எது என்று காட்டிய அந்த நிறம் அரைமணி நேரத்தில் போய்விட்டது. அதோடு புளித்தண்ணீர் பிளவுகள் வழியே உள்ளே இறங்கி, இரண்டு மாதத்தில் எஃகுக் கத்திகளில் செந்துரு பூத்தது. முத்திரையில் இருந்த மெல்லிய எழுத்துகளும் மங்கிவிட்டன. இன்றும் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். எஃகில் செந்துரு இருந்தால் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு ஊறவிட்டு, மூங்கில் குச்சியின் நுனியால் மெல்லச் சுரண்டுங்கள், எமரித் தாளோ கம்பிநாரோ வேண்டாம். கருத்துப்போய் உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய துரு மேலும் பரவாது, அதை விட்டுவிடுங்கள். கடைசியில் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லிய படலமாகப் பூசலாம். எண்ணெய், மெழுகு எதுவும் கொம்பு உறைக்கும் வெல்வெட்டுக்கும் போகக் கூடாது.

கத்தியின் அடியில் கருப்பாக ஏதோ காய்ந்திருந்தால் அது ரத்தமாகவே இருக்கலாம். கழுவாதீர்கள், அது யாரோ ஒருவருடையது, வருங்காலத்தில் ஆய்வுக்கும் பயன்படலாம். கையுறையோடு கையாளுங்கள், அப்படியே விடுங்கள்.

கருவியைப் பிரிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் ஒவ்வொரு திருகையும் அதன் துளைக்கு எண் போட்டு வையுங்கள். அந்தக் காலத்துத் திருகுகள் கையால் அரம் போட்டவை, ஒன்று இன்னொன்றின் துளைக்குள் போகாது.

ஏழாவது படி: வைக்கும் இடம்

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் இருந்தால் ஈரமும் உப்பும் சேர்ந்து ஒரு மழைக்காலத்தில் எஃகைத் தின்றுவிடும். மூடி இறுகிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. ஓக் போன்ற சில மரங்களும் கம்பளித் துணியும் மெல்ல வாயுக்களை வெளிவிட்டு ஈயம், வெள்ளி போன்றவற்றைக் கெடுக்கும். வெள்ளீயக் கிண்ணத்தையும் ஈயக் கட்டையையும் புது மர அலமாரியில் நேராக வைக்காதீர்கள். ஸ்கேரிஃபிகேட்டர் மாட்டாத நிலையில், கத்திகள் உள்ளே இழுத்தபடி, பிளவு கீழே பார்க்க. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டு அவசியம்.

எட்டாவது படி: யாரிடமும் இயக்கிக் காட்டாதீர்கள், உடலில் வைக்கவே வைக்காதீர்கள்

கேட்பார்கள். 'ரத்தம் கெட்டிருக்கு, கொஞ்சம் எடுத்தா நல்லதுதானே' என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் பியேர் லூயி என்ற மருத்துவர் நிமோனியா வந்த 77 நோயாளிகளின் விவரங்களை வைத்து, சீக்கிரமே ரத்தம் எடுத்தவர்களையும் தாமதமாக எடுத்தவர்களையும் எண்ணி ஒப்பிட்டு, எல்லோரும் நம்பிய அளவுக்கு இதில் பலன் இல்லை என்று 1835இல் எழுதினார். எண்ணிப் பார்ப்பது என்ற அந்த எளிய வேலை அதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பதல்ல, ஆனால் அவ்வளவு துணிவோடு முன்வைத்தவர்கள் மிகக் குறைவு. அதற்குப் பிறகும் பழக்கம் ஒழியப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றைக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோய்க்கும், சிவப்பணுக்கள் மிகுந்துபோகும் நோய்க்கும் மருத்துவமனையில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள். அட்டையும் ஒட்டுப்போட்ட விரல், தோல் போன்றவற்றில் தேங்கும் ரத்தத்தை வடிக்கத் திரும்ப வந்திருக்கிறது, அமெரிக்க அரசு 2004இல் அதற்கு அனுமதி கொடுத்தது. இவை வேறு, அலமாரியில் இருக்கும் துருப்பிடித்த பெட்டி வேறு.

ஒன்பதாவது படி: குறிப்பட்டை எழுதி வையுங்கள்

கருவிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பட்டை இல்லையென்றால் உங்களுக்குப் பிறகு அது மறுபடி பழைய பூட்டுகளோடு சேர்ந்துவிடும். எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள், விற்றவர் என்ன கதை சொன்னார் (கதை என்றே குறித்து), அளவு மில்லிமீட்டரில், எடை, முத்திரையில் உள்ள எழுத்து ஒன்றுவிடாமல், கத்திகள் எத்தனை, என்ன குறை. பிறகு நீங்கள் அதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் மங்காது. லண்டன் சயின்ஸ் மியூசியம், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இரண்டும் தங்கள் சேகரிப்புகளின் படங்களை இணையத்தில் போட்டிருக்கின்றன. உங்கள் பொருளை அவற்றோடு ஒப்பிட்டு, எதனோடு பொருந்தியது என்பதையும் குறியுங்கள்.

என் முதல் பெட்டியின் குறிப்பட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஸ்கேரிஃபிகேட்டர், பித்தளை, எட்டு மூலை, 12 எஃகுக் கத்திகள், ஆழத் திருகு வேலை செய்கிறது. லண்டன் சந்தையில் வாங்கியது. செய்தவர் முத்திரை பாதி அழிந்துள்ளது, அழிந்தது வாங்கிய பிறகு, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்ததால். மேற்பரப்பின் பளபளப்பைப் பழைய நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கத்திகளில் உள்ள செந்துருவும் அதனால் வந்ததே.'